1966 மஸ்டாங் 289: பல வருஷம் நின்ற வண்டி, முதலில் எதில் கை வைப்பது?

வாரக்கடைசி66 கேட்டது:

வணக்கம். வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே. அடையாள எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. நான் புரிந்துகொண்டது: 1966 மாடல், டியர்பார்ன் ஆலை, கூபே பாடி, இரண்டு பேரல் கார்பரேட்டர் வைத்த 289 வி8. சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிச்சிகனில் ஓடிய வண்டி, 18 வருஷமாகக் கொட்டகையில் நின்றிருக்கிறது. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டுத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது. பயணி பக்கம் கார்பெட் ஈரமாக இருக்கிறது, அதற்குக் கீழே ஃபுளோரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வெளிப்பெயின்ட் மட்டும் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. வார இறுதியில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு பயமில்லாமல் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃப்ரேம்-ஆஃப் முறையில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள் சிலர். முதலில் என்ஜினை உயிர்ப்பி என்கிறார்கள் வேறு சிலர். டிரம் பிரேக்கை வைத்துக்கொள்ளலாமா, டிஸ்க்குக்கு மாற்ற வேண்டுமா? பாயின்ட் இக்னிஷன் (தொடுமுனை திறந்து மூடித் தீப்பொறி தரும் பழைய முறை) போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வரிசை சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தகடும்பொறியும் பதில்:

ஃப்ரேம்-ஆஃப் என்ற பேச்சே இந்த வண்டிக்குப் பொருந்தாது. பழைய கொர்வெட், செவெல், பிக்கப் டிரக் இவற்றில் அடியில் தனிச் சட்டம் உண்டு, பாடியை அதிலிருந்து தூக்கி எடுக்கலாம். மஸ்டாங் யூனிபாடி. ஃபுளோர், ராக்கர் (கதவுக்குக் கீழே நீளும் பெட்டித் தகடு), கவுல் (விண்ட்ஷீல்டுக்கு அடியில் உள்ள காற்றறை), ஷாக் டவர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கூடு) எல்லாம் சேர்ந்துதான் சட்டம். ஆகவே ஃபுளோரில் ஓட்டை என்றால் அதை அழகுக் குறையாகப் பார்க்காதீர்கள். வண்டியின் எலும்பு அரித்திருக்கிறது.

அந்த ஓட்டை எப்படி வந்தது என்று தெரியாமல் புது ஃபுளோர் தகடு வாங்க வேண்டாம். பயணி பக்கம் ஈரத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம்: கவுல், விண்ட்ஷீல்ட் ரப்பர், ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்). ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பும் தித்திப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் கவுல்தான். 65, 66 மஸ்டாங்கின் தீராத வியாதி அது.

வைப்பருக்கு முன்னால் இருக்கும் சல்லடைத் துளைகளுக்குக் கீழே இரண்டு அடுக்குத் தகடு இருக்கிறது. கீழ்த்தகட்டில் தொப்பி மாதிரி எழும்பி நிற்கும் இரண்டு காற்று வாய்கள் உண்டு. வலது வாய் ஹீட்டர் பெட்டிக்கும் இடது வாய் ஓட்டுநர் பக்க வென்ட்டுக்கும் போகிறது. மழைத்தண்ணீர் இந்தத் தொப்பிகளைச் சுற்றி ஓடி, இரண்டு ஓரங்களிலும் ஃபெண்டருக்குப் பின்னால் வடிய வேண்டும். இலைதழை விழுந்து மக்கி வடிகாலை அடைத்துவிட்டால் சேறு தொப்பியின் அடியிலேயே ஈரமாகத் தங்கிவிடும். ஆலையில் அந்த அறைக்குள் பெயின்ட் சரியாக ஏறியதில்லை என்பதால் தொப்பியின் அடிவிளிம்பு முதலில் போகும்.

சோதிப்பது எளிது. கார்பெட்டை எடுத்துவிட்டு ஃபுளோரைத் துடைத்து உலர்த்துங்கள். ஒருவர் டாஷுக்கு அடியில் டார்ச்சோடு படுக்க, இன்னொருவர் ஹோஸில் மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், சல்லடையில் தண்ணீர் விடட்டும். விண்ட்ஷீல்டில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று குழப்பம் வரும். ஃபெண்டருக்குப் பின்னால் தாராளமாக வடிய வேண்டும், உள்ளே ஒரு சொட்டும் வரக் கூடாது.

ஒழுகினால், பிளாஸ்டிக் தொப்பி வைத்து ஒட்டும் கிட் விற்கிறார்கள். வாங்காதீர்கள். தண்ணீர் நிற்கும், உள்ளே துரு நிற்காது. முறையான வேலைக்கு ஹூட், கீல், இரண்டு ஃபெண்டர், வைப்பர், விண்ட்ஷீல்ட் எல்லாம் கழற்றி, மேல் கவுலின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 3/8 அங்குல ஸ்பாட் வெல்ட் கட்டர் போட்டு மேல் தகட்டை மட்டும் வெட்டுங்கள், அடித்தகட்டைத் துளைத்துவிடக் கூடாது. கழற்றும் முன் ஹூட் கீலையும் கதவுக் கீலையும் சுற்றிக் கோடு கீறி வையுங்கள். ஃபெண்டர் போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது இடைவெளி சரிசெய்வதில் பல நாள் மிச்சமாகும்.

கவுல் முடிந்த பிறகுதான் ஃபுளோர். அதற்கு முன்பு முன்பக்க ஃப்ரேம் ரெயில், ஃபுளோருக்கு அடியில் அது நீளும் பகுதி, ராக்கர், டார்க் பாக்ஸ் (ரெயிலையும் ராக்கரையும் இணைக்கும் பெட்டி), பேட்டரிக்குக் கீழே உள்ள ஏப்ரன் (ஃபெண்டருக்கு உட்புறத் தகடு), ஷாக் டவர் எல்லாவற்றையும் கூர்மையான குத்தூசியால் குத்திப் பாருங்கள். தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அங்கே பட்டியோ துருவோ இருக்கிறது. உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டி இது, வெளிப்பெயின்ட்டை நம்ப வேண்டாம்.

ஃபுளோர் வெட்டும்போது பெரிய ஆபத்து பாடி வளைவது. இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே 1 அங்குலச் சதுரக் குழாய் வெல்ட் வைத்துக் கட்டுங்கள். வண்டியின் எடை சக்கரம் இருக்கும் நிலையிலேயே, சஸ்பென்ஷன் மேல் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கத்தை வெட்டி முடித்து வெல்ட் போட்டபின் அடுத்த பக்கம். கதவை மாட்டி இடைவெளி பார்க்காமல் கடைசி வெல்ட் போடாதீர்கள். ராக்கர் போய்விட்ட நிலையில் ஃபுளோரையும் சேர்த்து வெட்டினால் கதவு பிறகு எந்நாளும் சரியாக மூடாது.

வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.023 அங்குலக் கம்பி, 75 சதவீதம் ஆர்கானும் 25 சதவீதம் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு. பழைய ஸ்பாட் வெல்ட் இருந்த இடத்தில் புதுத் தகட்டில் 5/16 அங்குலத் துளை போட்டு, அதை நிரப்பும் பிளக் வெல்ட். நேர் விளிம்பில் தொடர்ந்து இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி வைத்து, கை சூடு பொறுக்கும் அளவு ஆறவிட்டு, தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். இழுத்தால் தகடு அலை அலையாகிவிடும்.

இதை எல்லோருக்கும் சொல்வேன்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்ட் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகலாம், கொஞ்சம் போனாலும் நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் வெல்ட் படும் இடத்தில் பூச்சை அரைத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று வேலை செய்யுங்கள்.

---

சின்னபிளாக் பதில்:

பாடி விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நிலைமை அறியும் அளவுக்கு முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது. கவுல் வேலைக்கு முன்பகுதி முழுக்கக் கழன்றுவிடும். என்ஜினை இறக்க வேண்டும் என்றால் அதுதான் நேரம்.

சாவி திருப்பும் முன் செய்ய வேண்டியவை நிறைய. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறட்டும். வால்வ் கவர் இரண்டையும் கழற்றிவிட்டு கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள், 16 ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்; பாடியின் ராக்கர் அல்ல) ஏறி இறங்க வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் வால்வ் கைடில் பிடித்திருக்கிறது. அப்படியே ஸ்டார்ட்டரால் சுற்றினால் புஷ்ராட் வளையும்.

அடுத்து எண்ணெய். பழையதை வடித்து, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். புது எண்ணெய் சம்பில் (என்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) 4 குவார்ட், ஃபில்டருக்கு 1 குவார்ட், மொத்தம் 5. இந்த என்ஜின் ஃபிளாட் டாப்பெட் கேம், அதாவது லிஃப்டரின் தட்டை அடி கேமில் நேராக உரசும். இப்போதைய சாதாரண கார் எண்ணெயில் துத்தநாகச் சேர்க்கை குறைவு, ஆகவே பழைய என்ஜினுக்கென்று துத்தநாகம் கூட்டிய எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள்.

18 வருஷத்தில் எண்ணெய் வழிகள் எல்லாம் காலி. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து ஆயில் பம்பைச் சுற்றி நிரப்ப வேண்டும். எடுக்கும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தூக்குங்கள், ஏனென்றால் பம்ப் ஷாஃப்ட் டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து, மேல்முனைக் கிளிப் இல்லாவிட்டால் சம்புக்குள் விழுந்துவிடும். அந்த ஷாஃப்ட் 1/4 அங்குல அறுகோணம். 1/4 அங்குல சாக்கெட்டை நீட்டிப்புக் கம்பியில் டேப் சுற்றி இறுக்கி, டிரில்லில் மாட்டி இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். அழுத்தம் ஏறியதும் டிரில் கனக்கும். சுற்றிக்கொண்டே கிராங்கைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தினால் எல்லா ராக்கருக்கும் எண்ணெய் வந்து சேரும்.

பெட்ரோல் டேங்கைத் தொடவே வேண்டாம். சின்னக் கேனில் புதுப் பெட்ரோல் வைத்து அதிலிருந்து பம்புக்கு ஹோஸ் போடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளிருந்தே கரைந்து கார்பரேட்டரை அடைக்கும். எத்தனாலுக்கு ஏற்ற 30ஆர்9 ரக ஹோஸ் கேட்டு வாங்குங்கள். கார்பரேட்டர் ஆட்டோலைட் 2100. எளிய அமைப்பு, ஒரு கிட்டும் ஒரு சாயங்காலமும் போதும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. பயணி பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8. பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம், டிவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 26 முதல் 31 டிகிரி. டைமிங், வாக்யூம் ஹோஸை எடுத்து அடைத்துவிட்டு, 6 டிகிரி முன்னதாக.

ஆனால் டைமிங் லைட் காட்டுவதை உடனே நம்பாதீர்கள். ஹார்மோனிக் பேலன்சர் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) வெளிவளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. ரப்பர் செத்துப்போனால் வளையம் நழுவி, குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் திருகி, கிராங்கை இரு பக்கமும் முட்டும் வரை திருப்பி, இரண்டு இடத்திலும் சுட்டிக்கு நேரே வளையத்தில் கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் உண்மையான டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். வளையத்தின் சுழிக்குறி அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றுங்கள். இந்த என்ஜினுக்கு 28 அவுன்ஸ் சமனெடை உள்ளதுதான் பொருந்தும். பிற்கால 5.0 என்ஜினின் 50 அவுன்ஸ் பேலன்சர் போட்டால் உதறும்.

என்ஜின் சூடேறிய பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள், எல்லா பிளக்கும் வெளியே, திராட்டில் முழுக்கத் திறந்து. எண் எவ்வளவு என்பதைவிட எட்டும் ஒத்துப்போவது முக்கியம். குறைந்தது, கூடியதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

---

வாரக்கடைசி66 எழுதியது:

இருவருக்கும் நன்றி. தண்ணீர்ச் சோதனையில் வலது பக்கம் கொட்டுகிறது, இடது பக்கம் சொட்டுகிறது. கவுல் உறுதி. எண்ணெயை வடித்தபோது அடியில் பழுப்பு நிறத்தில், நகம் அளவு, ஒடியக்கூடிய பிளாஸ்டிக் துண்டுகள் நாலைந்து வந்தன. ஃபில்டரில் உலோகத்தூள் இல்லை. அவை என்ன?

---

சின்னபிளாக் பதில்:

ஸ்டார்ட் செய்யாதீர்கள். அவை டைமிங் கியரின் பற்கள். சத்தம் குறைய வேண்டும் என்று கேம் கியரை அலுமினியத்தில் செய்து, பற்களுக்கு நைலான் வார்த்திருந்தார்கள். பல வருஷச் சூட்டில் நைலான் மண்பானை ஓடு மாதிரி ஆகிவிடும். பல் உடைந்தால் செயின் தளர்ந்து ஒரு பல் தாவும், டைமிங் போகும். அதைவிட மோசம், துண்டுகள் ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைப்பது. வடிகால் வழியே நாலு வந்திருக்கிறது என்றால் வலையில் இன்னும் இருக்கும்.

உறுதி செய்ய: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுங்கள். கிராங்கை ஒரு திசையில் திருப்பி நிறுத்தி, எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டர் அசையத் தொடங்கும் முன் கிராங்க் 10 டிகிரிக்கு மேல் நகர்ந்தால் செயின் முடிந்தது.

செய்ய வேண்டியது: முழு எஃகு இரட்டை ரோலர் செயின் செட், புது ஆயில் பம்ப், புது உறிஞ்சு குழாய், கனமான பம்ப் ஷாஃப்ட். சம்பைக் கழற்றாமல் முன் கவரை மட்டும் திறந்து செயின் மாற்றுவது பாதி வேலை, துண்டுகள் கீழேயே கிடக்கும். பாடியில் வைத்தபடி சம்பு எடுக்க என்ஜின் மவுன்ட்டைத் தளர்த்தித் தூக்க வேண்டும். உங்களுக்கு முன்பகுதி எப்படியும் கழலப்போகிறது. என்ஜினை வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வாட்டர் பம்பின் நீளப் போல்ட்டுகள் அலுமினியக் கவர் வழியாக பிளாக்குக்குள் போகின்றன, கூலன்ட்டில் ஊறிக் கவரோடு ஒட்டியிருக்கும். நேரே முறுக்கினால் ஒடியும். துருநீக்கி எண்ணெய் விட்டு, கவரைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். திரும்பப் போடும்போது மரையில் சீலன்ட் தடவுங்கள், சில துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. பேலன்சரை எடுக்க மூன்று கால் புல்லரை வெளிவளையத்தில் மாட்டி இழுக்காதீர்கள், வளையம் பிய்ந்து வரும். நடுப்பகுதியில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி.

பழைய கேமையும் லிஃப்டரையும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு லிஃப்டரும் அது இருந்த துளைக்கே போக வேண்டும். புதுக் கேம் போட்டால் முதல் 20 நிமிஷம், நிமிஷத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில், ஐடிலுக்கு விடாமல் ஓட்ட வேண்டும்.

---

பிரேக்பெடல் பதில்:

டிரம்மா டிஸ்க்கா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1966 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைத் தள்ளும் உருளை) ஒற்றை அறை. ஒரே ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போய், பெடல் தரையில் உட்காரும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. வீட்டாரை ஏற்றப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே இதை முதலில் மாற்றுங்கள்.

டிரம்மையே வைத்துக்கொள்வதென்றால் 1967க்குப் பிந்தைய டிரம் மஸ்டாங்கின் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். பழைய பித்தளைப் பகிர்வுக் கட்டையில் பின் சக்கரத்துக்குப் போகும் வாயை அடைத்து, பின்பக்கத்துக்குத் தனிக் குழாய் இழுத்தால் போதும். குழாய் 3/16 அங்குலம், எஃகு அல்லது நிக்கல்-செம்புக் கலவை. முனை இரட்டை ஃபிளேர்தான் (விளிம்பை இரண்டாக மடித்து விரிப்பது). வெறும் செம்புக் குழாயும் கம்ப்ரெஷன் இணைப்பும் பிரேக்கில் வரவே கூடாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ரப்பர் ஹோஸையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடி சூடாவது பெரும்பாலும் இதனால்தான்.

நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ முன்பக்கம் பார்க்க வேண்டும். தானியங்கி அட்ஜஸ்டர் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு மரை, மாறிப்போனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஷூ இன்னும் தளரும். பழைய ஷூத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

வி8 வண்டியின் 10 அங்குல டிரம் நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை அவசரமாக நிறுத்துவதற்குக் குறைவில்லை. மலையிறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தால்தான் சூடேறி மங்கும், நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். என் தேர்வு முன்னால் டிஸ்க். டிஸ்க் போட்டால் டிரம் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைக்கக் கூடாது. அதற்குள் டிரம்முக்கான மிச்ச அழுத்த வால்வ் இருக்கும், டிஸ்க் பேடை எப்போதும் உரசவைக்கும். டிஸ்க்-டிரம் மாஸ்டர் வாங்கி, பின் சக்கரக் குழாயில் சரிசெய்யக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வ் (பின்பக்க அழுத்தத்தைக் குறைப்பது) போடுங்கள். அது இல்லாவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும்.

டாட் 3 பிரேக் திரவமே போதும். டாட் 5 சிலிகான் திரவத்தோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள்.

---

வயரிங்பெட்டி பதில்:

பாயின்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாயின்ட் ஓடும். எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாற்றினாலும் நல்லதே. ஆனால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் பிங்க் வயரைக் கவனியுங்கள். அது சாதாரண வயர் அல்ல, மின்தடை வயர். ஓடும்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் போகாமல் குறைத்து, பாயின்ட் கருகாமல் காக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஏப்ரனில் இருக்கும் சொலனாய்டின் ஐ முனை முழு வோல்ட்டைத் தருகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டவுடன் என்ஜின் நின்றால் இந்த பிங்க் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்தால் மாட்யூலின் சிவப்பு வயருக்கு, பிங்க் வயருக்கு முன்பிருந்தே முழு 12 வோல்ட் எடுத்துக் கொடுங்கள். என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைத்தால் மாட்யூல் சூடாகிப் போகும்.

என்ஜினை மீண்டும் வண்டியில் பொருத்தும்போது என்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். புதுப் பெயின்ட்டின் மேல் திருகினால் எர்த் வராது, அந்த இடத்தில் தகடு தெரியச் சுரண்டுங்கள்.

---

வாரக்கடைசி66 எழுதியது:

என்ஜின் வெளியே வரட்டும், பிறகு கவுல், ஃபுளோர், பிரேக் என்று வைத்துக்கொள்கிறேன். முன் ஏப்ரன் இரண்டிலும் துரு இருக்கிறது. இரண்டையும் மாற்றலாமா? பெயின்ட் நீக்க மணல் அடிக்கலாமா?

---

தகடும்பொறியும் பதில்:

பேட்டரி பக்கம், அதாவது பயணி பக்க ஏப்ரனைத் தாராளமாக மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கம் நிறுத்துங்கள். வண்டியின் அடையாள எண் அந்த ஏப்ரனின் மேல் விளிம்பில்தான் குத்தப்பட்டிருக்கிறது, ஃபெண்டரில் இருக்கும் வெட்டு வழியே தெரியும். உரிமைப் பத்திரத்தில் இருப்பதும் அதே எண். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்த மேல் விளிம்பை வெட்டாமல், கீழே அரித்த பகுதியை மட்டும் ஒட்டுத்தகடு வைத்து முடியுங்கள். அதுவும் முடியாத அளவுக்குப் போயிருந்தால் கட்டர் எடுக்கும் முன் உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

மணல் அடிப்பது அடிப்பகுதிக்கும் ஏப்ரனுக்கும் சரி. கூரை, ஹூட், கதவுத் தோல் மேல் அடித்தால் தகடு விரிந்து உப்பும், அதை யாராலும் நேராக்க முடியாது. அங்கே ரசாயன ஸ்ட்ரிப்பரோ 80 கிரிட் வட்டுமோ போதும். பழைய பெயின்ட்டிலும் கூரை இணைப்பை நிரப்பிய பற்றாசிலும் ஈயம் உண்டு. முகமூடி போடாமல் தேய்க்காதீர்கள், டார்ச் வைத்து உருக்காதீர்கள். வெறும் தகடு தெரிந்த அன்றைக்கே இரண்டு பாக எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு இரவு ஈரக்காற்றிலேயே துரு பூக்கும். சீம் சீலர் எபாக்சிக்கு மேல் வர வேண்டும், வெறும் தகட்டில் வைக்கக் கூடாது. ஹார்டனர் கலக்கும் மேல்பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. கரித்துகள் முகமூடி மட்டும் போட்டுக்கொண்டு அதை அடிக்க வேண்டாம், வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். அது கைவசம் இல்லையென்றால் எபாக்சி வரை நீங்கள் முடித்து, மேல்பெயின்ட்டைச் சாவடி உள்ளவரிடம் கொடுங்கள்.

கவுலை மூடும் முன், உள்ளே எபாக்சியும் சீலரும் முடிந்த நிலையில், மேல் தகட்டை கிளாம்பில் மட்டும் பிடித்து இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஸ்பாட் வெல்ட் வைத்த பிறகு ஒழுகினால் திரும்பவும் முதலிலிருந்து.